நாற்பத்தைந்தில் ஓடிய கெட்டிமேளம்

என் மனைவிக்கு இடது காது கேட்காமல் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வலது காதும் போய்க்கொண்டிருக்கிறது. திருநெல்வேலி டாக்டர் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து எடுத்த ஒரு தாளைக் காட்டினார். அதில் ஏழு புள்ளிகள், மாடிப்படி மாதிரி இடமிருந்து வலமாக இறங்கின. போன முறை எடுத்த தாளை நான் பத்திரமாக வைத்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்தால் ஏழில் ஐந்து புள்ளிகள் இன்னும் ஒரு கட்டம் கீழே போயிருந்தன.

"காது நரம்பு தளர்ந்துபோச்சு. கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். மெஷின் வைக்கலாம். ஆனா எவ்வளவு நாளைக்குன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆறு மாசமும் இருக்கலாம், ரெண்டு வருஷமும் இருக்கலாம்" என்றார்.

ஆறுக்கும் இருபத்துநான்குக்கும் நடுவில் எந்த எண்ணை வைத்துக்கொள்வது என்று கேட்டேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊர் திரும்பும் பேருந்தில் அவளுடைய வலது பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். பேருந்து கயத்தாறு தாண்டியது. பிறகு நான்தான் கேட்டேன், காது இருக்கும்போதே கேட்க ஆசைப்படுவது ஏதாவது உண்டா என்று. பேத்தியின் குரல் என்பாள், இல்லையென்றால் கழுகுமலைக் கோயில் மணியைக் கேட்கக் கூட்டிப்போகச் சொல்வாள் என்று நினைத்தேன். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று மனதுக்குள் குறித்தும் வைத்திருந்தேன்.

"நம்ம கல்யாணத்துல மைக்செட் பாய் போட்டாரே ஒரு ரிக்கார்டு, அத ஒருதடவ கேக்கணும்" என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாற்பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் அந்த ரிக்கார்டைப் பற்றி நல்லபடியாக ஒரு பேச்சு வந்ததில்லை. அது மட்டும் காரணம் இல்லை. கல்யாணம் முடிந்த பதினைந்தாம் நாள் நான் கோவில்பட்டி கடைவீதிக்குப் போய், அந்த ரிக்கார்டை உடைத்துப் போடுங்கள் என்று பாயிடம் சொல்லிவிட்டு வந்தவன். அவரும் "சரிங்க, உடைச்சிருதேன்" என்றார். இது அவளுக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பெண் வீட்டில், பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். ஐப்பசி மாதம். முதல் நாள் சாயங்காலமே மைக்செட் பாய் மாட்டு வண்டியில் சாமான்களோடு வந்து இறங்கிவிட்டார். இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு சுற்றும் பெட்டி, இரண்டு பேட்டரி, ஒரு தகரப்பெட்டி நிறைய ரிக்கார்டுகள். அவர் வந்த பிறகு மழை பிடித்தது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் காலோடு இரண்டு கிலோ மண் கூட வரும். காலையில் வரவேண்டிய நாதஸ்வர கோஷ்டி மெயின் ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி, சகதியைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டது.

மாமனார் கையைப் பிசைந்தார். பாய்தான் தைரியம் சொன்னார். "நாதஸ்வர ரிக்கார்டு நம்மகிட்ட இருக்கு. கெட்டிமேளமே தனியா இருக்கு. கைய மட்டும் காட்டுங்க."

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த விசேஷமானாலும் குழாயைக் கட்டியதும் முதலில் ஒரு இங்கிலீஷ் ரிக்கார்டை வைத்து ஓடவிட்டுப் பார்ப்பார். தூத்துக்குடி ஹார்பர் பக்கம் ஒரு கப்பல்காரனிடம் அவருக்குக் கிடைத்தது அது. நாலு வெள்ளைக்காரர்கள் கிட்டாரையும் டிரம்மையும் போட்டு அடிக்கிற அடியில், குழாயில் எங்கே விரிசல் இருந்தாலும் தெரிந்துவிடுமாம். "இந்த அடிய நம்ம குழா தாங்கிட்டா அப்புறம் எந்தப் பாட்டையும் தாங்கும்" என்பார். கல்யாணத்தன்று விடியற்காலையிலும் அப்படிச் சத்தத்தைக் குறைத்து வைத்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு குழாய் சரியாகக் கேட்கவில்லை. மழையில் கயிறு தளர்ந்து, வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் பருத்திக் காட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அதைச் சரிசெய்ய ஏணி போட்டு மரத்தில் ஏறினார். ஏறும் முன் பெண்ணின் தாய்மாமனிடம், "நான் எறங்குறதுக்குள்ள கை காட்டிட்டா இந்த ஊசிய மெதுவா எறக்கி வைங்க, போதும். ஆனா ஒண்ணு, ஓடும்போது மட்டும் ஊசியத் தொட்றாதீங்க. ரிக்கார்டும் போயிரும், ஊசியும் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கிலீஷ் ரிக்கார்டை எடுத்துவிட்டு நாதஸ்வர ரிக்கார்டை வைத்துவிட்டதாக அவர் நினைப்பு. வைக்கவில்லை.

தாலி என் கைக்கு வந்தது. கை காட்டினார்கள். தாய்மாமன் ஊசியை இறக்கினார்.

முதலில் ஏதோ இரும்புக் கதவைத் தேய்ப்பதுபோல் ஒரு இழுவை. பிறகு அடி. பந்தலில் கட்டியிருந்த வாழை ஆடியது என்று பின்னால் சொன்னார்கள், அது மிகை. ஆனால் என் பெரியப்பா எழுந்து நின்றது உண்மை. நான் குனிந்த தலை நிமிராமல் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டேன். பாட்டு நிற்கவில்லை. "நிப்பாட்டுங்கய்யா" என்று நாலா பக்கமும் கத்துகிறார்கள். தாய்மாமனோ பெட்டிக்குக் காவல் நிற்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "ஊசியத் தொடக் கூடாது! பாய் சொல்லிருக்காரு, தொடக் கூடாது!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்துகிறார்.

பாய் எங்கே என்றால் மரத்தின் மேல். சமையல்காரர்கள் அடுப்புக்கு மேல் படுதா கட்ட அந்த ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மேலே இருந்து என்னவோ சொல்லியிருக்கிறார். அவருடைய வாய்க்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லை. யாருக்குக் கேட்கும்? கடைசியில் அவர் கிளையைப் பிடித்துத் தொங்கி, சகதியில் குதித்து ஓடி வரவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. அடுத்த பாட்டு தொடங்கும் முன் ஊசியைத் தூக்கிவிட்டார்.

சகுனம் சரியில்லை என்று சிலர் எழுந்தார்கள். மாமனார் வழியில் ஒரு கிழவர்தான் அடக்கினார்.

"ஏலே, கெட்டிமேளம் எதுக்குலே அடிக்கோம்? தும்மல், அழுகைன்னு வேற சத்தம் காதுல விழக் கூடாதுன்னுதானே? விழுந்துச்சா? சொல்லுங்கலே, எவனுக்காவது விழுந்துச்சா?"

யாருக்கும் எதுவும் விழவில்லை. பந்தி போட்டார்கள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. என் பெயர் 'இங்கிலீஷ் மாப்பிள்ளை' ஆகிவிட்டது. மறுவீடு போனால் குழந்தைகள் டிங்கு டிங்கு என்று ஆடிக் காட்டின. நான் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில், என் வேலை பெட்டிகளை எடுத்துக் குச்சிகளை எண்ணிப் பார்ப்பது. பெட்டிக்கு ஐம்பது இருக்கிறதா என்று. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பின்னால் வந்து மேஜையில் டிரம் அடிப்பார்கள். எண்ணிக்கை தவறும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அந்த எரிச்சலில்தான் பாயிடம் போனேன். சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல அந்தப் பாட்டும் வளர்ந்தது. பத்து நிமிடம் என்றார்கள், அரைமணி நேரம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் நான் திருத்துவேன்: நான்கு நிமிடம். மாமனார் போட்ட புதுக் கைக்கடிகாரம் என் மணிக்கட்டில், கண்ணுக்கு நேராக இருந்தது. ஏழு பன்னிரண்டுக்குத் தொடங்கியது, ஏழு பதினாறுக்கு முடிந்தது.

இதைத்தான் இப்போது கேட்க வேண்டும் என்கிறாள். ஏன் என்று கேட்டேன். "கேக்கணும்போல இருக்கு" என்றாள். அது ஒரு பதிலா?

மறுநாள் கடைவீதிக்கு நடந்தேன். வீட்டிலிருந்து ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு அடி. பாய் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. கடையை அவர் மகன் நடத்துகிறார். அவருக்கே ஐம்பது தாண்டியிருக்கும். ஆள் உயரப் பெட்டி ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு விளக்குச் சரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு விஷயத்தை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உடைத்த பொருளைக் கேட்டு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன்.

அவர் சிரித்தார். "வாப்பாவா? உடைக்கவா? அண்ணாச்சி, அவிய பழைய பீஸ் ஒயரக்கூடத் தூரப் போட்டதில்ல. இங்கன உக்காருங்க."

பரணில் ஏறினார். நான் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கும்வரை விடவில்லை. சாக்குமூட்டையில் ரிக்கார்டுகள், பெரும்பாலும் சின்னவை. பெரியவை பதினேழு. பதினான்காவதாக அது வந்தது. அட்டையில் இடிந்த சுவர் ஓரமாக நீள முடிக்காரர்கள் நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவன்கூட கேமராவைப் பார்க்கவில்லை. அட்டையின் மேல் மூலையில், வெள்ளையாக இருந்த இடத்தில், பாயின் கையெழுத்தில் நீல மையில் எழுதியிருந்தது: 'டெஸ்டிங் மட்டும். கல்யாணத்துக்கு வைக்கக் கூடாது.' கீழே இரண்டு கோடு.

அந்த மையை விரலால் தடவிப் பார்த்தேன். உடைக்கச் சொல்லி நான் வந்து போன பிறகு எழுதினாரா, முன்பே எழுதினாரா? அதைக் கேட்க ஆள் இல்லை.

"பேரு தெரிஞ்சு போச்சுல்லா அண்ணாச்சி, போன்லயே எடுத்துத் தாரேன்" என்று அவர் என் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவள் காதில் வைத்தேன். அவள் போனைத் தள்ளிவிட்டாள். "கொசு மாதிரி இருக்கு. ரிக்கார்டக் கேட்டா போனக் கொண்டாருதீங்க."

மூன்று நாள் கழித்து, பாயின் மகன் ஒரு பழைய ரிக்கார்டு பெட்டியைப் பழுது பார்த்து, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, ஒரு ஸ்பீக்கரோடு வந்தார். அவளை நாற்காலியில் உட்கார வைத்து வலது காது ஸ்பீக்கரைப் பார்க்கும்படி திருப்பினேன். முதல் பாட்டு ஓடியது. கிட்டார் கனமாக, மாடு வண்டி இழுப்பதுபோல் வந்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. எனக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்லை; அதன் சத்தம்தான் ஞாபகம்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. ஆனா இது இல்ல."

"முதல் பாட்டுதான். ஊசிய ஓரத்துலதான வச்சாங்க."

"இது இல்லைங்க."

மீதி ஏழு பாட்டையும் ஓட்டினோம். ரிக்கார்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் சேர்த்துத்தான். மொத்தம் முப்பத்தொன்பது நிமிடம். எட்டுக்கும் இல்லை என்று தலையாட்டினாள். "அதுல ஒரு துள்ளல் இருக்கும். இது தூங்கி வழியுது" என்றாள்.

"வாப்பாகிட்ட இங்கிலீஷ் ரிக்கார்டு இது ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் அவர். எனக்கும் அது தெரியும். அப்படியானால் தவறு எங்கே? ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதை நினைக்கவே பயமாக இருந்தது. ரிக்கார்டு அதேதான், காதுதான் அது இல்லை. டாக்டர் தாளில் படி இறங்கிய அந்தப் புள்ளிகள் பாட்டையே மாற்றிவிட்டன. ஆறு மாதத்தில் ஒரு வாரம்கூடப் போகவில்லை, அதற்குள் தாமதமாகிவிட்டது. பதினைந்தாம் நாள் கடைக்குப் போய் உடைக்கச் சொல்லாமல், எடுத்துக்கொண்டு வந்திருந்தால், நாற்பத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை முறை அவள் கேட்டிருக்கலாம்? பாயின் மகன் சாமான்களை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் அரிசி களையப் போனாள். ஏமாற்றமாக இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தில் எனக்கு என்றைக்குத்தான் தெரிந்தது?

நான் ரிக்கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே நேரம் அச்சிட்டிருந்தது. முதல் பாட்டு ஐந்து நிமிடம் இருபத்துநான்கு வினாடி. மற்ற எதுவும் நான்கு நிமிடம் இல்லை. அதாவது நான் ஊரெல்லாம் திருத்திக்கொண்டிருந்த கணக்கே தப்பு. இது எனக்கு அவள் காதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வலித்தது. கடிகாரம் ஓடவில்லையா? பயத்தில் முள்ளைத் தப்பாகப் பார்த்தேனா?

பெட்டியோடு பாயின் மகன் ஒரு நாதஸ்வர ரிக்கார்டையும் கொண்டுவந்திருந்தார், இதுதான் அன்றைக்குப் போட்டிருக்க வேண்டியது என்று காட்டுவதற்காக. சின்ன ரிக்கார்டு. அதன் காகிதத்தில் 45 என்று போட்டிருந்தது. பெரியதில் 33⅓. பெட்டியில் ஒரு திருகு. 16, 33, 45, 78 என்று நான்கு எண்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அர்த்தம்.

பாய் காலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு ரிக்கார்டை மாற்றத்தான் மறந்தார். திருகை மாற்ற மறக்கவில்லை. நாதஸ்வரத்துக்காக நாற்பத்தைந்தில் வைத்துவிட்டுத்தான் மரத்தில் ஏறியிருக்கிறார்.

காலண்டரின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் இருபத்துநான்கு வினாடி என்றால் முந்நூற்று இருபத்துநான்கு வினாடி. மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குப் பதில் நூற்று முப்பத்தைந்து சுற்று. வகுத்தேன். இருநூற்று நாற்பது. மிச்சம் இல்லை. நான்கு நிமிடம்.

பாயின் மகனுக்குப் போன் செய்தேன். திருகை நாற்பத்தைந்தில் வைத்தால் ஊசிக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன்.

"ஊசிக்கு ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. சத்தம் கீச்சுன்னு ஆகி பாட்டுதான் கெட்டுரும். பாடுறவன் குரல் பொம்பளை குரல் மாதிரி ஆயிரும். அது தப்பு ஸ்பீடுலா."

"அந்தத் தப்புதான் தம்பி வேணும்" என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, சரி என்றார்.

அரிசி உலையில் இருந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தேன். "ஏட்டி, இப்பக் கேளு" என்றேன். ஊசியை இறக்கினேன்; இரண்டு தடவை தள்ளித் தள்ளி விழுந்தது.

இரும்புக் கதவு இழுபட்டது. அடி விழுந்தது. அந்த இழுவையில் எனக்கே பந்தல் ஞாபகம் வந்துவிட்டது, ஈர ஓலை வாசனையோடு. அவள் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"கேக்குதா?" என்று வலது பக்கம் போய்க் கத்தினேன்.

"கம்பி சத்தம் சரியா விழல. பாடுறதும் விழல. கொட்டு மட்டும் கேக்குது." சிரித்தாள். "இதுதான். இதேதான்."

சரியான வேகத்தில் ஓட்டினால் காதில் விழுகிறது, ஆனால் அது இல்லை என்கிறாள். தப்பான வேகத்தில் பாதி விழவில்லை, ஆனால் அதேதான் என்கிறாள். இதில் எது கிடைத்தது, எது போனது என்று நான் எப்படிக் கணக்கு வைக்க?

"இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

அவள் ஸ்பீக்கரிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கு உங்க மூஞ்சி தெரியாது. போட்டோவும் காட்டல. தலையக் குனிஞ்சே இருந்தனா, உங்க கைதான் தெரிஞ்சுது. எல்லாரும் கத்துதாங்க, ஓடுதாங்க. நீங்க மட்டும் வெரல மடக்கி மடக்கி எண்ணிட்டு இருந்தீங்க. இந்தக் கொட்டுக்குச் சரியா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அடக்க முடியல. அப்பத்தான் பயம் போச்சு."

நான் எண்ணினேனா? கடிகாரத்தைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. பெரியப்பா எழுந்தது, தாய்மாமன் கை விரித்தது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. விரலை மடக்கியது இல்லை. இத்தனை ஆண்டுகளாக ஒரு நாளும் சொன்னதில்லையே என்றேன்.

"ரிக்கார்டு பேச்ச எடுத்தாலே எரிஞ்சு விழுவீங்க. எங்க சொல்ல?"

பாட்டு முடியப் போவது எனக்குக் கடிகாரத்தில் தெரிந்தது. அன்றைக்குப் பாய் வந்து நிறுத்திய இடம். ஓடும்போது தொடக் கூடாது என்று தாய்மாமன் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. இருந்தாலும் குனிந்து ஊசியைத் தூக்கினேன். ரிக்கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பாட்டுக்குச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு எத்தனை வந்துச்சு?" என்றாள்.

"எது?"

"எண்ணுனீங்கல்லா. எத்தனை வந்துச்சு?"

தெரியவில்லை என்றேன். என் வாயால் அப்படிச் சொல்லி எத்தனை காலம் ஆகிறதோ! அடுப்பில் உலை பொங்கி நுரை வழிந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. நான் போய்த் தணித்துவிட்டு வந்தேன்.

"மறுபடி போடுங்க" என்றாள்.

ஊசியை மறுபடி ஓரத்தில் வைத்தேன். இந்த முறை அவள் காதை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோகவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என் வலது கையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதல் அடி விழுந்தது. எந்த விரலிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஒரு நொடி விழித்தேன். பிறகு சுண்டு விரலை மடக்கினேன்.